அவள் ஆடி அவன் இன்னும் பார்க்கவே இல்லை

இளமை, இரவு, ஒரு பெண் மீதான கிறக்கம், இந்த மூன்றையும் சரியாகப் பிடித்த ராக் பாட்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம். ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘ஐ பெட் யு லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்’தான். 2005 அக்டோபரில் வந்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது.

ரொம்ப நாள் இதை நான் வெறும் ஆட்டப் பாட்டாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பஸ்ஸில் ஹெட்ஃபோன் மாட்டி வரிகளைக் கவனித்தபோதுதான் அந்த ‘பெட்’ உறைத்தது. நீ நன்றாக ஆடுகிறாய் என்று பாட்டில் பேசும் பையன் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஆடினால் அழகாக இருப்பாய், பெட்டு கட்டுகிறேன் என்கிறான். அப்படியென்றால் அவள் ஆடி அவன் இன்னும் பார்க்கவே இல்லை! அவள் காதலைத் தேடி வந்தாளா, வேறு எதையாவது தேடி வந்தாளா, அதுவும் தனக்குத் தெரியாது என்று உடனே ஒப்புக்கொள்கிறான். தெரிந்தது ஒன்றுமில்லை, கற்பனை மட்டும் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. அந்த வயதின் கிறக்கம் அச்சு அசலாக இதுதான்.

ஆரம்பமே கண்ணில்தான். என்னைப் பார்ப்பதை நிறுத்து, நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்று முறுக்கிக்கொள்கிறான். அடுத்த மூச்சிலேயே, நீ நிறுத்துவதில் எனக்கே விருப்பமில்லை என்று உடைந்துவிடுகிறான். அவள் தோள்கள் இரவைப் போல் குளிர்ந்து விறைத்திருக்கின்றன, ஆனால் அவளோ டைனமைட். இந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் வட இங்கிலாந்துக் குளிரில் கோட்டு போடாமல் கிளப் வாசலில் நிற்கும் ஒரு பெண் என் கண்முன் வந்துவிடுவாள்.

எழுதிப் பாடிய அலெக்ஸ் டர்னருக்கு அப்போது 19 வயது. ஊர் ஷெஃபீல்ட், எஃகுக்குப் பேர்போன நகரம். அந்த ஊர் உச்சரிப்பை மறைக்காமல் அப்படியே பாடுவார். 1984-ஐச் சேர்ந்த ரோபோ மாதிரி எலக்ட்ரோ பாப்புக்கு, அதாவது மின்னணுக் கருவிகளில் வாசிக்கும் பாப் இசைக்கு, ஆடுவதைப் பற்றி ஒரு வரி உண்டு. டர்னர் பிறந்ததே 1986-இல்! ஆனால் ஹ்யூமன் லீக் போன்ற எலக்ட்ரோ குழுக்கள் கிளம்பியதும் இதே ஷெஃபீல்டில்தான். அதனால் எனக்கு அது சொந்த ஊர் வாசனை உள்ள வரி. இன்னோரிடத்தில் ரோமியோ ஜூலியட்டின் இரண்டு குடும்பப் பெயர்களையும் இழுத்து, அந்த மாதிரி காதலெல்லாம் இங்கே கிடையாது, டிஜே போடும் பாட்டும் அழுக்குத் தரையும்தான் என்கிறார். இதில் நான் உருகிவிடுவேன். எவ்வளவு நேர்மையான வரி!

குழு வளர்ந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்த டெமோ சிடிக்களை ரசிகர்களே இணையத்தில் பரப்பினார்கள். இந்தப் பாட்டு வந்ததும் நேராக பிரிட்டனில் முதலிடம்.

சரி, கேட்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீடியோவைப் பாருங்கள். பழைய காலத்து டிவி கேமராக்களில் எடுத்தது. கதை கிடையாது, கதாநாயகி கிடையாது. டர்னர் மைக்கில் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டு, எங்களைப் பற்றிய ஆரவாரத்தை நம்பாதீர்கள் என்கிறார். உடனே கிதாரும் டிரம்ஸும் வெடிக்கின்றன. அந்தப் பெண்ணை நமக்கும் கடைசிவரை காட்டுவதில்லை.