பிளாக்கன்ட் மசாலா வீட்டில் செய்யும்போது கருப்பாக வர எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்?

வறுக்கவே கூடாது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

பிளாக்கன்ட் என்பது மீனில் வெண்ணெயும் மசாலாப் பொடியும் பூசி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் மேலே கருக்க வைத்து எடுக்கும் அமெரிக்கப் பக்குவம். கேட்டவர் ஏதோ வீடியோவில் அப்படிக் கருகருவென்று ஒரு மீன் துண்டைப் பார்த்துவிட்டு, நம் வழக்கப்படி மிளகாயையும் மிளகையும் வாணலியில் போட்டு வறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். வறுத்து அரைத்தே பழகிய கைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தப் பொடி டப்பாவில் இருக்கும்போது செங்கல் நிறத்தில்தான் இருக்கும். கருப்பு வருவது சட்டியில், வெண்ணெயோடு சேர்ந்து, மீனின் மேல். முன்கூட்டியே வறுத்துவிட்டால் அதே பொடி சட்டியில் இரண்டாம் முறை கருகும். அப்போது வாயில் மிஞ்சுவது வெறும் கசப்பு.

இதற்கு மேல் நான் எழுதுவதற்குக் காரணம், எனக்கு முன்னால் வந்த இரண்டு பதில்கள். ஒருவர் "இது கருகிப்போன மீன், அமெரிக்காக்காரனுக்குச் சமைக்கத் தெரியாது" என்கிறார். இன்னொருவர் கரம் மசாலாவும் மஞ்சளும் சேர்க்கச் சொல்கிறார். நான் தூத்துக்குடிக்காரி. பல வருடங்களாக அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரில் குடியிருக்கிறேன். மீனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே சமயம் இந்த ஊர்ச் சமையலை நான் கும்பிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதைத் தெரியாமல் இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த மீனைப் பாட்டி காலத்துப் பழைய வழக்கம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இதை உலகம் அறியச் செய்தவர் பால் புரூடோம். லூசியானாவின் ஓப்பலூசஸ் பக்கத்தில் 1940-ல் பிறந்தவர், 13 பிள்ளைகளில் கடைசி. 1979-ல் நியூ ஆர்லியன்ஸின் ஃபிரெஞ்சு குவார்ட்டரில் மனைவியோடு கே-பால்ஸ் லூசியானா கிச்சன் என்ற சின்ன உணவகத்தைத் திறந்தார். அங்கே விறகுத் தணலில் சுடும் வசதி கிடையாது. தணலில் சுட்ட ருசியை இரும்புச் சட்டியிலேயே கொண்டுவரப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்தப் பக்குவம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பரம்பரை கேஜன்காரர், அதாவது லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வம்சாவளிக்காரர். சிறு வயதில் அவருடைய அம்மா இப்படி ஒருநாளும் மீன் செய்ததில்லை என்று அவரே சொல்வார். ஆனாலும் இன்றைக்கு அவர் வீட்டில் விருந்தாளி வந்தால் இதுதான்.

அந்தப் பெரியவரிடம்தான் நான் கற்றேன். ரிஃபைனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூண்டில் போடுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. கடலோரச் சதுப்புக்குப் போய் ரெட்ஃபிஷ் பிடித்து வருவார். இந்தப் பக்குவத்துக்கு முதலில் பெயர் வாங்கித் தந்த மீன் அது. 1980-களில் நாடு முழுக்க இதற்கு ஆசைப்பட்டு, மெக்சிகோ வளைகுடாவில் பெரிய ரெட்ஃபிஷ்களை வலைபோட்டு அள்ளியதில் மீன் வரத்தே ஆட்டம் கண்டுவிட்டது. வியாபாரத்துக்குப் பிடிப்பதை அரசு தடுக்க வேண்டி வந்தது. லூசியானாவில் இன்றைக்கும் அதை விற்பதற்காகப் பிடிக்க முடியாது. தூண்டில்காரர்களுக்கு மட்டும் நாளுக்கு 4 மீன், அதுவும் 18 அங்குலத்திலிருந்து 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே கடையில் பார்த்தால் அது பெரும்பாலும் வளர்ப்பு மீனாகத்தான் இருக்கும். எங்களுக்குப் பெரியவர் கொடுத்தால் உண்டு.

என் அம்மா இங்கே வந்திருந்தபோது பெரியவர் முழு மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாலடியில் கருப்புப் பொட்டு, செம்பு நிறச் செதில். அம்மாவுக்கு அந்த மீன் புதிது. சதையை எனக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு, தலையை வீணாக்க மனமில்லாமல் குழம்பு வைத்தார். சாப்பிடும்போது மண்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கல்லை விரலால் நெம்பி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு பக்கமும் நெம்பினார், ஜோடிக் கல் வந்தது. "ஏட்டி, இது நம்ம கத்தாளைல்லா!" என்றார். நான் பிறகு தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது அப்படியே சரி. ரெட்ஃபிஷ்ஷும் நம் கடற்கரைக் கத்தாளையும் ஒரே குடும்பம். தலைக்குள் பெரிய கல் இருப்பதே அந்தக் குடும்பத்துக்கு அடையாளம். வயிற்றிலுள்ள நெட்டி என்ற காற்றுப்பைக்காக நல்ல விலை போகும் கூறல் மீனும் அந்த வம்சம்தான். ஆகவே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த மீனுக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். பெரிய கத்தாளை கிடைத்தால் விடாதீர்கள். கொடுவாவும் அருமையாக வரும்.

இப்போது பொடி. என் அளவு இது: ஸ்வீட் பாப்ரிகா (காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள்) 4 டீஸ்பூன், உப்பு 2, பூண்டுப் பொடி ஒன்றரை, வெங்காயப் பொடி ஒன்றரை, கேயன் மிளகாய்த்தூள் 1, கருமிளகுத்தூள் 1, வெள்ளை மிளகுத்தூள் அரை, காய்ந்த தைம் 1, காய்ந்த ஆரிகனோ 1. தைமையும் ஆரிகனோவையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போட்டுக் கலந்தால் முடிந்தது. ஒரு கிலோ மீனுக்குத் தாராளமாகப் போதும்.

புரூடோம் பாணியில் மூன்று காரம் உண்டு: மிளகாய், கருமிளகு, வெள்ளை மிளகு. "வெள்ளை மிளகு எதற்கு, இருக்கிற மிளகையே போடலாமே" என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே கொடியில் காய்ப்பவைதான், தோல் நீக்கியது வெள்ளை. ஆனால் மிளகாய் நாக்கின் நுனியில் பிடிக்கும், கருமிளகு மூக்கில் ஏறும், வெள்ளை மிளகு தொண்டையில் மெதுவாக வந்து நிற்கும். என் வாய்க்கு அப்படித்தான் தெரிகிறது. மற்றவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், குடிமுழுகாது.

பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடுங்கள், நிறம் ஏறக்குறைய அதே. அதற்குக் கொஞ்சம் காரம் உண்டு, அதனால் கேயனைப் பாதியாக்குங்கள். வீட்டில் அரைத்த குண்டு மிளகாய்த்தூளைப் பாப்ரிகா அளவுக்குக் கொட்டிவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். அதைக் கேயன் இடத்தில் மட்டும் வையுங்கள். தைம் கிடைக்காவிட்டால் ஓமத்தை நுணுக்கி ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். இரண்டிலும் வாசனை கொடுப்பது தைமால் என்ற ஒரே பொருள். ஓமத்தில் அது தூக்கலாக இருப்பதால் கை மீறினால் முறுக்கு வாசனை வந்துவிடும். பச்சைப் பூண்டு விழுது கூடவே கூடாது. அதன் ஈரம் பொடியைக் கூழாக்கும், பூண்டும் முந்திக் கருகும். மஞ்சளும் கரம் மசாலாவும் சேர்த்தால் அது நல்ல மீன் வறுவல். எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வேறு பதார்த்தம்.

அடுத்தது வெண்ணெய். இங்கேதான் நம்மவர்கள் சாமர்த்தியமாக நெய்யை எடுப்பார்கள், புகையாமல் சூடு தாங்குமே என்று. இந்த ஒரு சமையலுக்கு அந்தக் கணக்கு உதவாது. வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கொழுப்பு. மீதி தண்ணீர், அதோடு கொஞ்சம் பால் சத்து. வெண்ணெய் உருக்கும்போது அடியில் கசண்டாகத் தங்குவது அந்தப் பால் சத்துதான். அதுவும் பொடியும் சேர்ந்து சிவந்து கருத்துத்தான் அந்த மேலோடு உண்டாகிறது. நெய்யில் கசண்டு வடிகட்டிப் போயிருக்கும். நெய்யில் செய்தால் மீன் சிவக்கும், அந்த அளவுக்குக் கருக்காது. கேட்டவருக்குக் கருப்பு வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வார்ப்பு இரும்புச் சட்டி வேண்டும், கனமானது. இரும்புத் தோசைக்கல்லிலும் வரும். ஆனால் தினமும் தோசை வார்க்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். இவ்வளவு சூட்டில் கல்லில் படிந்து பழகிய எண்ணெய்ப் பூச்சு எரிந்துபோகும், அடுத்த நாள் மாவு ஒட்டிக்கொள்ளும். நான்ஸ்டிக் அறவே கூடாது. அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதைந்து கெட்ட புகை விடும். வீட்டில் கிளி வளர்த்தால் செத்தே போகலாம்.

சட்டியை எண்ணெய் இல்லாமல் சுமார் 10 நிமிடம் காய விடுங்கள். மீன் துண்டு அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலக் கனம். தடித்தால் உள்ளே வேகுமுன் வெளியே கரியாகும். மீன் ஃபிரிட்ஜிலிருந்து வந்த குளிர்ச்சியோடு இருக்கட்டும், ஈரத்தை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். உருக்கிய வெண்ணெயில் முக்கினால் குளிர்ந்த சதையின் மேல் வெண்ணெய் மெல்ல உறையும், அதில் பொடி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பொடி தூவி லேசாகத் தட்டி, சட்டியில் வையுங்கள். வைத்த கணமே வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும். பயப்பட வேண்டாம், துண்டை நகர்த்தவும் வேண்டாம். ஓரத்தில் பொடியின் சிவப்பு காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, விளிம்பில் கருப்புக் கோடு தெரியும்போது, ஏறக்குறைய இரண்டு நிமிடம், ஒரே ஒரு தரம் திருப்புங்கள். மேலே ஒரு ஸ்பூன் வெண்ணெய் விடுங்கள், இன்னும் இரண்டு நிமிடம். எடுத்துவிடுங்கள். அடுத்த துண்டுக்கு முன் சட்டியைத் துடைத்துவிடுங்கள், தங்கிய பொடி கரியாகி ஒட்டும்.

அடுக்களையில் செய்யாதீர்கள். மிளகாய் நெடி வீட்டையே இரும வைக்கும். பெரியவர் கொல்லைப்புறத்தில் கேஸ் அடுப்பை வைத்துத்தான் செய்வார். மொட்டை மாடி இருந்தால் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் பக்கத்தில் விட வேண்டாம். வெண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் ஒரு மூடியைப் போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள்.

நெடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வருவதற்கு முன் வேறொரு மாநிலத்தில் அபார்ட்மென்டில் இருந்தோம். ஒருநாள் நெத்திலிக் கருவாடு வறுத்ததற்குக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், "சகிக்க முடியாத சமையல் வாடை" என்று. மேல் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் பால்கனியில் மாட்டிறைச்சி சுடுவார்கள், அந்தப் புகை எங்கள் படுக்கையறைக்குள்தான் வரும். அவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது. அந்த வீட்டைக் காலி செய்கிறவரை நாங்கள் கருவாட்டைத் தொடவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்ட நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. லூசியானாவில் வசந்த காலம் வந்தால் தெருவே கிராஃபிஷ் (நன்னீரில் வாழும் சின்னச் சிங்கி இறால்) அவிக்கும், மூன்று வீடு தள்ளி நிற்பவருக்கும் கேயன் நெடியில் தும்மல் வரும். ஒருவரும் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் கருவாடு வறுத்தால் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து அது என்ன என்று விசாரிக்கிறார், ஒரு துண்டு வாங்கித் தின்கிறார். இந்த ஊர்ச் சாப்பாட்டை யாராவது மட்டம் தட்டினால் எனக்கு ஏன் சுருக்கென்று படுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

"கருகியதைத் தின்றால் கேன்சர்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: கடுஞ்சூட்டில் மீனும் இறைச்சியும் வெந்தால் கெடுதலான சில பொருட்கள் உண்டாகும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இதை எங்கள் வீட்டில் எப்போதாவதுதான் செய்கிறோம். வெண்ணெயும் உப்பும் இருக்கிற கணக்குக்கும் அதுவே நல்லது. கரிக்கட்டையாகும் வரை விட்டால் அது பக்குவம் தப்பியது. சரியாக வந்த துண்டை முள்கரண்டியால் உடைத்தால் மேலோடு தாளாக நொறுங்கும், உள்ளே சதை வெள்ளையாக, சாறோடு, ஏடு ஏடாகப் பிரியும்.

மிஞ்சின பொடியை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். மூன்று மாதத்துக்குள் தீருகிற அளவுக்குக் கலந்தால் போதும். உப்பு குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் பொடியில் உப்பே போடாமல் மீனில் தனியாகத் தூவிக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் விற்கும் பல டப்பாக்களில் சேர்மானப் பட்டியலின் முதல் பெயரே உப்புதான். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். நான் வீட்டில் கலப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

இறாலுக்கும் எலும்பில்லாத கோழித் துண்டுக்கும் இதே பொடி, இதே முறை. கோழியை மட்டும் மெல்லிசாகத் தட்டிக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் பன்னீரில் செய்து பார்க்கலாம். என் மகள் பெரிய கத்தரிக்காயை வட்டமாக அரிந்து இப்படிப் போட்டுக் கேட்பாள், அதற்குத் தீயைக் கொஞ்சம் குறைத்து நான்கு நிமிடம் விட வேண்டும்.