பப் பரிசோதனையில் மாற்றம் என்றால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 45. சுகவனிதையர் கிளினிக்கில் செய்த பப் பரிசோதனையில் ‘குறைந்த தர மாற்றம்’ என்று வந்தது. “பிள்ளைகள் வளர்ந்திட்டினம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பயமில்லை” என்கிறார் மாமி. எடுக்கத்தான் வேண்டுமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இப்போதைக்கு எந்த வெட்டும் வேண்டாம். கர்ப்பப்பை வாயிலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனை சந்தேகத்தைத்தான் சொல்லும். நோயை உறுதி செய்வது பயொப்ஸி, அதாவது சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது. எங்கே பயொப்ஸி எடுப்பது என்று காட்டுவது கொல்பொஸ்கோப்பி. அது அரைகுறையானால்தான் தேவையில்லாத சத்திரசிகிச்சை வருகிறது.

கொல்பொஸ்கோப்பியில் கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிப் பார்த்தபடி 3 முதல் 5 வீத அசற்றிக் அமிலத்தில் (வினாகிரியில் உள்ள அதே அமிலம்) நனைத்த பஞ்சை வைப்பார்கள். குறைந்தது ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். சன நெரிசலில் பத்துச் செக்கனில் எடுத்தால் வெள்ளை தெளிவாக எழும்பாது. மறுபுறம், வெள்ளை எல்லாமே நோயும் அல்ல. கிருமித்தொற்றிலும் மெல்லிய வெள்ளை தோன்றி விரைவில் மறையும். தடித்து, விளிம்பு கூர்மையாக, நெடுநேரம் நிற்கும் வெள்ளையே கவலைக்குரியது. பிறகு அயடின் பூசினால் ஆரோக்கியமான இடம் கபில நிறமாகும். மாற்றமுள்ள இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். ஒரு துண்டு மட்டும் எடுத்தால் நோய் தப்பிவிடலாம். 2 முதல் 4 வரை எடுப்பது நல்லது.

“மாற்றம் வரும் வலயம் முழுதும் தெரிந்ததா?” என்று கட்டாயம் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களில் அது உள்ளே ஒளிந்துகொள்ளும். பல வேளைகளில் சில வாரம் ஈஸ்ட்ரஜன் கிறீம் வைத்து மறுபடி பார்த்தாலே போதும்.

பயொப்ஸி முடிவு சி.ஐ.என். 1 (கலங்களின் மாற்றத்தை 1 முதல் 3 வரை தரம் பிரிப்பதில் மிகக் குறைந்தது) என்றால் அது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றின் அடையாளம், அநேகமாகத் தானாக மாறும். 12 மாதத்தில் திரும்பப் பரிசோதிக்கலாம். சி.ஐ.என். 3 என்றால் சிகிச்சை தேவை. அப்போதும் வழமையாக விறைப்பூசி போட்டு, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றுவார்கள். பிள்ளை பெற இருப்பவருக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போனால் குறைமாதப் பிரசவ அபாயம் கூடும்.

துணுக்காயிலிருந்து பஸ் மாறி வருபவர் மறுபடி வருவாரோ என்று வைத்தியர் அன்றைக்கே அந்தப் பகுதியை வெட்டிவிடும் எண்ணம் விளங்கக்கூடியது. ஆனால் அது உயர்தர மாற்றத்துக்குத்தான் பொருந்தும். மாமிக்கு இதையும் சொல்லுங்கள்: புற்றுநோய் ஒளிந்திருந்தால், சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுப்பது பிழையான சத்திரசிகிச்சை ஆகிவிடும்.

கேள்வி: கர்ப்பப்பை வாயில் ‘புண்’, சுட வேண்டும் என்றார்கள். பப் முடிவு நோர்மல்.
- வாசகி, மாங்குளம்

பதில்: பெரும்பாலும் அது புண்ணே அல்ல. உள்ளே இருக்கும் சிவந்த படை வெளியே தெரிவது; கர்ப்பகாலத்திலும் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பவர்களிலும் சாதாரணம். தொந்தரவு இல்லையென்றால் சுடத் தேவையில்லை. உறவுக்குப் பின் இரத்தம் பட்டால் மட்டும், பப் நோர்மல் என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.