கருந்துளை அலைகளைக் கணிக்க விரும்பும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புடையீர்,

பள்ளி இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகள், கருந்துளைகள் எழுப்பும் ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியையே நெளியச் செய்து பரவும் மெல்லிய அதிர்வுகளை, கணித்து ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டைச் சோதிக்கும் ஆய்வுக்குப் போக விரும்புவதாகவும், அது பிழைப்புக்கு உதவுமா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். வருமானத்தைப் பேசுவதற்கு முன் அந்த வேலை எத்தகையது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. கருந்துளையின் மீதுள்ள வியப்பு மட்டும் இதற்குப் போதாது.

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவிலுள்ள லைகோ என்ற ஈர்ப்பு அலை ஆய்வகத்தின் இரு கருவிகள் முதன்முதலாக ஓர் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் சுற்றி நெருங்கி இணைந்தபோது எழுந்த அந்த அலை, 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவியின் கைகளின் (லேசர் ஒளி ஓடும் பாதைகளின்) நீளத்தை மாற்றியது புரோட்டானின் விட்டத்தில் பல நூறில் ஒரு பங்குதான். இத்தனை மெல்லிய அசைவிலிருந்து கருந்துளைகளின் நிறையையும் தற்சுழற்சியையும் படித்தறிய, எத்தகைய இணைப்பு எத்தகைய அலையை எழுப்பும் என்ற கணிப்பு கையில் இருக்க வேண்டும். அதை உருவாக்குவதே தங்கள் மகள் நாடும் பணி.

கருந்துளைகள் விலகிச் சுற்றும் கட்டத்தைத் தோராயச் சூத்திரங்களால் கணக்கிடலாம். இணையும் கட்டத்துக்கு மீக்கணினி வேண்டும். பல ஆண்டுகள் நிரல்கள் பாதியிலேயே நிலைகுலைந்தபின், 2005இல்தான் இயற்பியலாளர் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் ஓர் இணைப்பைக் கணினியில் முழுமையாக நடத்திக் காட்டினார். குலுக்கப்பட்ட கருந்துளை, தட்டிய மணிபோல அதிர்ந்து அடங்கும் என்பதை இந்திய இயற்பியலாளர் சி. வி. விஸ்வேஸ்வரா 1970லேயே கணக்கிட்டிருந்தார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி அந்த அதிர்வெண்களும் அவை அடங்கும் வேகமும் இறுதிக் கருந்துளையின் நிறையையும் தற்சுழற்சியையும் மட்டுமே சார்ந்தவை. ஆகவே இரண்டு அதிர்வுகளை அளந்து, அவை ஒரே நிறைக்கும் ஒரே சுழற்சிக்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால், அதுவே கோட்பாட்டுக்கு வைக்கும் தேர்வாகிறது.

அவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் இத்துறையின் கடினமெல்லாம் இருக்கிறது. ஐன்ஸ்டைன் தவறிவிட்டார் என்று சொல்ல மனம் துடிக்கும். ஆனால் சுற்றுப்பாதை சற்று நீள்வட்டமாக இருந்ததையோ, சுழல் அச்சு தள்ளாடியதையோ கணிப்பில் சேர்க்காமல் விட்டிருந்தாலும், கருவியின் இரைச்சல் ஒரு நொடி எகிறியிருந்தாலும், அதே விலகல் தோன்றக்கூடும். எனவே மாதக்கணக்கில் தன் கணக்கிலேயே பிழை தேடுவது இவர்களுக்கு அன்றாட வேலை. இதுவரை பதிவான எந்த அலையும் பொதுச் சார்பியலிலிருந்து ஐயத்துக்கிடமின்றி விலகவில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்தும் "விலகல் இல்லை" என்ற விடையே கிடைக்கலாம், அதுவும் வீணன்று. 2017இல் நியூட்ரான் விண்மீன்கள் எனப்படும் மிக அடர்ந்த இறந்த விண்மீன்களின் இணைப்பிலிருந்து ஈர்ப்பு அலையும், ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்கின்றன என்று இதனால் தெரிந்ததால், அப்படி இராது என்ற மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் பல ஒரே நாளின் அளவீட்டில் வலுவிழந்தன. ஒரு கணக்கில் எதிர்பாராத விடை வந்தால் தங்கள் மகள் முதலில் தன் வழிமுறைகளைத் திரும்பப் பார்ப்பவளா என்பதை, மதிப்பெண்ணைவிட முக்கியமாக நான் கருதுகிறேன்.

இனி வருமானம். இயற்பியலில் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் ஆகியவற்றுக்குப் பின்னும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணிகளே கிடைக்கும். பட்டம் பெறுவோரைவிட நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். ஆயினும் வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பது, இரைச்சலில் புதைந்த சமிக்ஞையைப் பிரிப்பது, முடிவின் நம்பகத்தன்மையை நிகழ்தகவால் அளப்பது ஆகிய திறன்கள் தரவு அறிவியல், வானிலைக் கணிப்பு, மருத்துவப் படிமவியல் போன்ற துறைகளிலும் வேண்டப்படுபவை. மேலும், ஒன்றிலிருந்து ஒன்று 25 லட்சம் கிலோமீட்டர் விலகிப் பறக்கவிருக்கும் மூன்று விண்கலங்களால் விண்வெளியிலிருந்தே ஈர்ப்பு அலைகளை அளக்கும் லிசா திட்டம் 2030களின் நடுப்பகுதியில் ஏவப்படவுள்ளது. தங்கள் மகள் ஆய்வாளராக உருவாகும் காலமும் ஏறத்தாழ அதுவே.

இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். 2015இல் பதிவான அந்த முதல் அலையின் தரவை எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். விடுமுறையில் அவள் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, இரைச்சலை வடிகட்டி அந்த அலையைத் தானே வரைந்து பார்க்கட்டும். முதல் சில நாள்கள் எதுவும் சரியாக வராது. அந்த நாள்களில் அவள் எப்படி இருந்தாள் என்பதை எனக்கு எழுதுங்கள். பிறகு கல்லூரியைப் பற்றிப் பேசுவோம்.