அயர்லாந்து முகவரிகளில் வரும் டவுன்லேண்ட் என்பது என்ன?

அங்குள்ள நிலப் பிரிவுகளில் மிகச் சிறியது அதுதான். தீவு முழுக்க 60,000-க்கும் மேல் உண்டு. பல சேர்ந்தால் பாரிஷ், அப்புறம் அதைவிடப் பெரிய பாரனி, கவுண்டி.

நார்மன்கள் 12-ஆம் நூற்றாண்டில் வருவதற்கு முன்பே இருந்த கேலிக் (பழைய அயர்லாந்து மக்களின்) முறையில்தான் இதன் வேர். பரப்பைவிட நிலத்தின் வளத்தையே பார்த்தார்கள்; எத்தனை மாடு மேயும் என்பது போன்ற கணக்கு. அதனால் வளமான மண்ணில் சிறியதாகவும், மலை, சதுப்பு நிலங்களில் பெரியதாகவும் இருக்கும். எல்லை பல இடங்களில் ஒரு ஓடைதான்.

வரைபடத்தில் எல்லைகளை உறுதியாக்கியது 1824-இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை. வரலாற்று ஆர்வமெல்லாம் இல்லை, வரிக்காகத்தான்! ஆனாலும் அதில் வேலை செய்த அறிஞர் ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகப் போய்ப் பழைய பெயர்களைத் திரட்டினார்.

1970-களில் வட அயர்லாந்து அஞ்சல் துறை முகவரிகளில் சாலைப் பெயர், வீட்டு எண் என்று மாறியபோது, ஃபெர்மனா கவுண்டி மட்டும் பிடிவாதமாக டவுன்லேண்ட் பெயர்களைத் தக்கவைத்துக்கொண்டது.