ஊர் நகரத்து 20 கட்டப் பலகைக்குக் கையால் வண்ணம் தீட்டுவது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய பழைய சுமேரிய ஆட்டப் பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை எல்லோருக்கும் சொல்கிறேன்.

அக்கா, இது நம் தாயம் மாதிரி இருக்கிறதே, எந்த ஊர் ஆட்டம்?

தெற்கு இராக்கில், இன்றைய நாசிரியாவுக்குப் பக்கத்தில் இருந்த சுமேரிய நகரம். அதன் பெயரே ஊர்தான், நம் சொல்லோடு ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. 1920களில் லெனார்ட் வூலி அங்கே அரச கல்லறைகளைத் தோண்டியபோது கிடைத்தது, வயது சுமார் 4,500 ஆண்டு. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தாயம் ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: ஆளுக்கு ஏழு காய், வெட்டு உண்டு, இன்று பலரும் ஆடுகிற விதிப்படி பூக்கட்டத்தில் நின்றால் இன்னொரு முறை உருட்டலாம்.

அளவு சொல்லுங்கள். ஆசாரியிடம் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டும்.

மூலப் பலகை நீளம் 30 செ.மீ, அகலம் 11 செ.மீ, உயரம் இரண்டரை செ.மீக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் 12 கட்டம், மறுபக்கம் 6, நடுவில் பாலம் மாதிரி 2. ரப்பர் மரமோ பைனோ போதும். தேக்குதான் வேண்டுமென்றால் அதில் எண்ணெய்ப் பசை இருக்கும், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ப்ரைமர் அடிக்காவிட்டால் அக்ரிலிக் பின்னால் உரிந்து வரும். 120 உப்புத்தாள், அப்புறம் 220, பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் நார் எழுந்து நிற்கும், அதை 320 வைத்துத் தேய்த்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

சார் / மேடம், நானும் வரைந்தேன், பூ கட்டம் எல்லாம் சரியாகவே வந்தது, ஆனாலும் காலண்டர் படம் மாதிரி தட்டையாக இருக்கிறது. எங்கே தப்பு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மூலத்தில் யாரும் வண்ணம் தீட்டவே இல்லை. சிப்பித் துண்டு, நீல லாபிஸ் கல், சிவப்புச் சுண்ணாம்புக்கல் இவற்றை வெட்டி, தார் வைத்து மரத்தில் பதித்திருக்கிறார்கள். மரம் மண்ணுக்குள் மக்கிப்போய்விட்டது, பதித்த துண்டுகள்தான் மிஞ்சின. அதனால் நீங்கள் வரைய வேண்டியது பூவை இல்லை, தாரில் உட்கார்ந்திருக்கும் கல்லை.

முதலில் பலகை முழுக்கக் கருப்பில் துளி பழுப்பு கலந்து அடித்துவிடுங்கள். அதுதான் தார். அதன் மேல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கருப்பு தெரியும்படி விட்டுத் தீட்டுங்கள். கோட்டைக் கடைசியில் கருப்புப் பேனாவால் இழுத்தால் கோடு மேலே மிதக்கும், அடியிலிருந்து வந்தால்தான் இடுக்கு மாதிரி தெரியும். சிப்பிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். வெள்ளையில் துளி மஞ்சள் காவி, கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் மாற்றி. இரண்டு சிப்பி ஒரே நிறத்தில் இருக்காது. கருப்பு மேல் வெள்ளை ஒரே பூச்சில் மூடாது, தண்ணீராக மூன்று பூச்சு போடுங்கள். நீலத்துக்கு அல்ட்ராமரின், காய்ந்த பிறகு பல்துலக்கும் பிரஷால் அங்கங்கே பொன்னிறத் துளி தெறிக்கவிடுங்கள், லாபிஸில் அப்படித்தான் மினுக்கும்.

பூவின் எட்டு இதழும் ஒரே அளவில் வரவே மாட்டேன் என்கிறது.

கையால் நேரே போடாதீர்கள். காம்பஸால் வட்டம், நடுவே கூட்டல் குறி, அதன் மேல் பெருக்கல் குறி, எட்டு கோடு வந்துவிடும். ஓர் இதழைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு அதையே எட்டு முறை சுற்றி வரையுங்கள். ஜீரோ நம்பர் பிரஷில் இதழின் நுனியிலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் நுனியில் வண்ணம் குமிழ்த்து நிற்கும்.

மாஸ்கிங் டேப் ஒட்டியும் ஓரத்தில் கசிகிறது.

டேப் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, அடியில் இருக்கும் அதே கருப்பை ஓரத்தில் ஒருமுறை தடவுங்கள். கசிவது கருப்பாகவே கசிந்து வழியை அடைத்துவிடும். அப்புறம் வெள்ளை.

வார்னிஷ் எது, அண்ணி?

தண்ணீரில் கரைகிற வகை மட்டும். என் முதல் பலகைக்கு எண்ணெய் வார்னிஷ் அடித்தேன், ஒரு வருடத்தில் சிப்பி வெள்ளையெல்லாம் மஞ்சளேறி, நீலம் பச்சை பக்கம் போய்விட்டது, இரண்டு மாத வேலை. மெல்லிய மூன்று பூச்சு, பிறகு மூன்று வாரம் தொடாதீர்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூட. அவசரப்பட்டுக் காயை வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது வண்ணத்தோடு வரும்.

பிள்ளைகள் ஆடலாமா, இல்லை ஷோகேஸில்தானா?

ஆட விடுங்கள், அதற்குத்தானே செய்கிறோம். காய்களின் அடியில் ஃபெல்ட் துணி ஒட்டிவிடுங்கள். தேய்மானம் நடு வரிசையில்தான் முதலில் தெரியும், இரண்டு பேர் காயும் அங்கேதான் ஓடுகிறது, அதனால் அந்த எட்டு கட்டத்துக்கு மட்டும் வார்னிஷ் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள்.