சர்க்கரை நோயும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும்: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: என் கணவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ராத்திரியானால் பாதம் எரிகிறது. மருந்துக் கடையில் வைட்டமின் ஈ 400-ம், ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். தொடரலாமா?
— வாசகி, திண்டுக்கல்

வைட்டமின் ஈ-யை மருத்துவர் எழுதித் தராதபோது நிறுத்திவிடுங்கள். கல்லீரல் கொழுப்புக்காகச் சிலருக்கு எழுதித் தருவதுண்டு. அது வேறு கணக்கு.

சர்க்கரை ஏறும்போது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சூப்பர்ஆக்ஸைடு என்ற, செல்லைக் கெடுக்கும் பொருளை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறினாலும் அதை உள்ளே விடாமல் தடுக்கும் திறன் நரம்பு, விழித்திரை, சிறுநீரகச் செல்களுக்குக் குறைவு. அதனால் பாதிப்பு அங்கேதான் முதலில் வருகிறது. சூப்பர்ஆக்ஸைடு இப்படி மிகுவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை இதைத் தணிக்கும் என்று மருத்துவ உலகமும் நம்பியது. 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு நான்கரை ஆண்டு தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆய்வை நீட்டித்தபோது இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக் கசிவு பயமும் உண்டு.

கேப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் 100 மி.கி., மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12) 1500 மைக்ரோகிராம், கூடவே பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6) என்றிருக்கும். எரிச்சல் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகளில் கொடுத்தது தினமும் 600 மி.கி. லிப்போயிக் அமிலம், வெறும் வயிற்றில். 1200, 1800 என்று ஏற்றியபோது பலன் கூடவில்லை, குமட்டல்தான் கூடியது. அதற்காக இந்தக் கேப்ஸ்யூலையே ஆறாக விழுங்கக் கூடாது. பைரிடாக்ஸினும் ஆறு மடங்காகும். அது மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். 600 மி.கி. தனி மாத்திரையை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். வலி தணியலாம், சேதமான நரம்பு திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ சேர்ந்திருந்தால் சர்க்கரை தாழ்கிறதா என்று கவனியுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு பி12 பரிசோதனை. நெடுநாள் மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். அந்தக் குறைவாலும் இதே எரிச்சல் வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகம். கேப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் பி12 அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டி உண்மைக் குறைவை மறைத்துவிடும். ஏற்கெனவே தொடங்கிவிட்டார் என்பதைப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒட்டியிருக்கிறேன். சளிக்கு வைட்டமின் சி மாத்திரை சப்பினால் சர்க்கரை கூடுதலாகக் காட்டுகிறதே?
— வாசகர், கோவை

கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரை ஒன்றே 500 மி.கி. சில சென்சார்களுக்கு நாளொன்றுக்கு 500 மி.கி., சிலவற்றுக்கு 1000 மி.கி. தாண்டினால் அளவு பொய்யாக உயரும். பெட்டியிலுள்ள தாளில் உங்களுடையதன் வரம்பு இருக்கும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டுவதுதான் ஆபத்து. நிஜமாகவே சர்க்கரை தாழ்ந்திருப்பதும் தெரியாமல் போகும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிட்டு இன்சுலின் போடுங்கள். ஒரு கொய்யாப்பழமே அன்றைய வைட்டமின் சி தேவையைத் தாண்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: சிகரெட் பழக்கம் உண்டு. பீட்டா கரோட்டின், செலினியம் சேர்ந்த மாத்திரை ஈடுகட்டுமா?
— வாசகர், மதுரை

வேண்டாம். 1994-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் பீட்டா கரோட்டின் சாப்பிட்ட புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. செலினியம் என்ற தாதுச்சத்தைத் தினமும் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களிடம் சர்க்கரை நோயே கூடுதலாக வந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. கேரட்டும் கீரையும் தட்டில் இருக்கட்டும். மாத்திரைக்கான பணத்தில் சிகரெட்டை விட உதவும் நிகோடின் சூயிங்கம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.