எடை குறைக்கும் ஊசி: மாதக் கணக்கு வேண்டாம், ஆண்டுக் கணக்குப் போடுங்கள்

சர்க்கரை நோய் மருத்துவரான என்னிடம் இப்போதெல்லாம் சர்க்கரையைவிட, எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ, வெகோவி இவற்றின் விலையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே. விலைகள் 2025 டிசம்பர் நிலவரம். வாங்கும்போது பெட்டியைத் திருப்பி, அச்சிட்ட விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுஞ்சாரோ மாதம் 13 ஆயிரம் என்கிறார்கள். ஒரு வருடம் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

13,125 ரூபாய் என்பது 2.5 மில்லிகிராம் பேனா ஊசியின் விலை. அது உடம்பு மருந்துக்குப் பழகுவதற்கான அளவு. நான்கு வாரம் கழித்து 5 மில்லிகிராமுக்குப் போக வேண்டும்; அதன் விலை 16,406. அதற்கும் மேலே போனால் 7.5, 10 இரண்டுக்கும் தலா 20,625; 12.5, 15 இரண்டுக்கும் தலா 25,781.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேனாவில் நான்கு ஊசிக்கான மருந்து, வாரம் ஒன்று; பேனாவுக்குச் சொல்லும் மில்லிகிராம் ஒரு ஊசிக்கான அளவு. அதாவது 28 நாள். எனவே ஆண்டுக்கு 12 பேனா போதாது, 13 வேண்டும். 5 மில்லிகிராமிலேயே நின்றுவிட்டால் முதல் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம். நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 15 வரை ஏறினால் 3 லட்சத்தைத் தாண்டும். மருத்துவர் கட்டணமும் ரத்தப் பரிசோதனையும் தனி.

எல்லோரும் உச்சிப்படி வரை ஏறித்தான் ஆக வேண்டுமா? 72 வாரம் நடந்த பெரிய ஆய்வில் 5 மில்லிகிராம் போட்டவர்கள் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தார்கள். 15 மில்லிகிராம் போட்டவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம். நூறு கிலோ உள்ளவருக்கு அந்த வித்தியாசம் ஆறு கிலோ. அந்த ஆறு கிலோவுக்கு முதல் ஆண்டில் மட்டும் கூடுதலாகச் சுமார் 93 ஆயிரம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் 5-லேயே கட்டுக்குள் வந்துவிட்டால், அங்கேயே நிற்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பில் கொடுத்தால் பணம் வருமா? (ஆசிரியை, திருச்சி)

வராது அம்மா. நம் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். வீட்டில் போடும் ஊசிக்கு வாய் திறக்காது. போதாக்குறைக்கு, உடல் பருமன் சிகிச்சைக்கு விலக்கு என்று பாலிசியிலேயே ஒரு பிரிவு இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே பிரிவு அறுவை சிகிச்சைக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால். வயிற்றை வெட்டித் தைக்கப் பணம் தருவார்கள், ஊசிக்குத் தரமாட்டார்கள். அந்த அளவு எடை உள்ளவர்கள் அறுவை சிகிச்சை நிபுணரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அது ஒருமுறைச் செலவு.

சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை என்று எழுதித் தரும்படி சிலர் கேட்கிறார்கள். எழுதமாட்டேன். அந்தப் பொய் நாளை உங்கள் பாலிசியையே கவிழ்த்துவிடும்.

ஒரு சின்ன ஆறுதல்: உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 60 வயது கடந்து, காப்பீடே இல்லாமல் இருந்தால், அவர்களுடைய மருத்துவச் செலவில் 50 ஆயிரம் வரை வரிக்கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாகக் கட்டியது செல்லாது.

மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கிருந்து வாங்கி வரச் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னை)

இந்த மருந்தில் கதை தலைகீழ். அங்கே காப்பீடு இல்லாதவருக்கு வெகோவியின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலர். மவுஞ்சாரோவைத் தயாரிக்கும் நிறுவனமே நேரடியாக விற்கும் சலுகை விலையில்கூட, அதே மருந்துக்கு ஆரம்ப அளவு 299 டாலர், அடுத்தது 399. இங்கே அதில் பாதிக்கும் குறைவு.

15 மில்லிகிராம் பேனா வாங்கி, அதன் குமிழைத் திருப்பும்போது வரும் 'கிளிக்' சத்தத்தை எண்ணி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மிச்சம் என்கிறான் நண்பன். (பொறியாளர், ஓசூர்)

கணக்கு சரி, வைத்தியம் தவறு. 2.5 மில்லிகிராம் பேனாவில் ஒரு மில்லிகிராம் 1,300 ரூபாய்க்கு மேல். 15 மில்லிகிராம் பேனாவில் 430 ரூபாய். மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவு என்பது போல. ஆனால் அரிசி மூன்று மாதம் கிடக்கும். திறந்த பேனாவை 30 நாளில் எறிய வேண்டும். வாரம் 5 வீதம் போட்டால் அதே பேனா 12 வாரம் இழுக்கும். என்னிடம் வந்த ஒருவர் கிளிக்கைத் தவறாக எண்ணி, மூன்று நாள் ஓயாத வாந்தியோடு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். மிச்சம் பிடித்தது மருத்துவமனை பில்லுக்குச் சரியாகப் போயிற்று.

மலிவாக வேறு வழியே இல்லையா? (இல்லத்தரசி, சேலம்)

இருக்கிறது. வெகோவி இந்தியாவுக்கு வந்தபோது 17,345 ரூபாய். 2025 நவம்பரில் ஆரம்ப அளவு 10,850-க்கு இறங்கியது. அதிலுள்ள செமாக்ளூட்டைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு இந்திய நிறுவனங்களும் தயாரிக்கலாம் என்பதால், மவுஞ்சாரோதான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் இதையும் மருத்துவரிடம் கேளுங்கள். எடை சற்றுக் குறைவாக இறங்கலாம்; விட்டுவிடாமல் தொடர முடிகிற விலை முக்கியம்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். போலி ஓசெம்பிக் (இதுவும் செமாக்ளூட்டைடு ஊசிதான்) பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரித்திருக்கிறது.

மகள் கல்யாணம் வரை மூன்று மாதம் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

மவுஞ்சாரோ மூன்று பேனா, 45,937 ரூபாய். அதில் முதல் மாதம் உடம்பு பழகவே போய்விடும். செமாக்ளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை வளைகாப்புக்குள் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை கூடுதலாக எடுங்கள்.

மின்வெட்டு வந்தால் ஊசி கெட்டுவிடுமா? (மதுரை)

ஓரிரு மணி நேரத்தில் கெடாது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருங்கள். மவுஞ்சாரோ பேனாவை 30 டிகிரிக்குள் 30 நாள் வரை வெளியே வைக்கலாம் என்றாலும், சித்திரையில் உங்கள் ஊரில் பீரோவுக்குள்ளேயே அதைத் தாண்டும். கதவுத் தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் இளக்கிப் போட முடியாது. 16,406 ரூபாயும் குப்பைக்குத்தான்.